அச்சில் வராத பூட்டு

14 செப்டம்பர் 2010, செவ்வாய்

வக்கீல் பத்மாசினி சென்னையிலிருந்து போனில் சொன்ன முதல் அறிவுரை: "மேடம், இன்னியிலேர்ந்தாவது நடக்கறதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க." எழுதுகிறேன். எதையும் எழுதி வைக்கக் கூடாது என்பதையே தொழில் தர்மமாக வைத்து இருபது வருடம் ஓட்டியவளுக்கு இது நல்ல தண்டனை.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் ஓஹாயோவில் இருக்கும் நம் வாடிக்கையாளருக்கு அங்குள்ள ஒரு பெரிய கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஓஹாயோக்காரர் மருந்துக்கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கிறார். அதை எவனும் திருட்டு நகல் எடுக்காமல் காவல் காப்பது எங்கள் கம்பெனியின் 'அரண்' ப்ரோக்ராம். அரணுக்குள் இருக்கும் பூட்டு தங்கள் கண்டுபிடிப்பு, 1998-லேயே காப்புரிமைக்கு மனுப் போட்டு வாங்கிவிட்டோம், இனி அதைத் தொடக் கூடாது என்கிறது அந்தக் கம்பெனி.

படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் பூட்டை நான் எழுதியது 1993-ல். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே வாடகை அறை. கீழே பன் வேகும் வாசனையில் பாதி நாள் பசியோடு எழுதியது. 98-ல் பிறந்தவன் 93-ல் பிறந்தவளைப் பார்த்து நீ என் பிள்ளை என்கிறான்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. இரண்டு தரம் படித்தான். "பேசித் தீத்துக்கலாம் வசந்தா" என்றான். கல்லூரியில் ஒரே வகுப்பு, கம்பெனியில் சரிபாதிக் கூட்டாளி, நான் எழுதுவதை அவன் விற்கிறான். விற்கிறவனுக்கு எல்லாமே பேசித் தீர்க்கிற விஷயம்தான்.

16 செப்டம்பர், வியாழன்

மூன்று மணி நேரம் மின்வெட்டு. யுபிஎஸ் பேட்டரி செத்துவிட்டது. பழைய பிளாப்பிகளைத் தேட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பரண் ஏறினேன். பாதிக்கு மேல் பூஞ்சை. ஒன்றே ஒன்று படித்தது. திறந்து பார்த்தால் என் பூட்டு, 1993 தேதியோடு, அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பத்மாசினி புரிந்துகொள்வதற்காக இன்று எழுதி அனுப்பிய விளக்கம்: ஒரு வீட்டில் வரிசையாக அறைகள். முதல் அறையில் சாமான்கள் எந்த இடத்தில் இருக்கின்றனவோ, அந்த இருப்புதான் இரண்டாம் அறைக்குச் சாவி. இரண்டாம் அறையின் இருப்பு மூன்றாம் அறைக்குச் சாவி. உள்ளே வந்த திருடன் ஒரு நாற்காலியை நகர்த்தினால் போதும், அடுத்த அறையில் இருப்பதெல்லாம் அவன் கண்ணுக்குக் குப்பையாகிவிடும். தனியாகச் சாவி என்று ஒன்று எங்கும் கிடையாது, வீடேதான் சாவி. இதைச் சொந்தமாக நான் யோசித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் என்ன கூச்சம்.

20 செப்டம்பர், திங்கள்

பத்மாசினி அமெரிக்க வக்கீலிடம் பேசிவிட்டு அழைத்தாள். பிளாப்பி செல்லாது.

"செல்லாதுன்னா?"

"மேடம், அந்தப் பேடண்டை உடைக்கணும்னா, அவங்களுக்கு முன்னாடியே இது வெளியில தெரிஞ்சிருந்ததுன்னு காட்டணும். பிரையர் ஆர்ட்னு சொல்லுவாங்க. உங்க அலமாரியில இருந்தது வெளியில இல்ல."

"அலமாரியிலயா? தொண்ணூத்திமூணுலயே வித்தோமுங்க! ஈரோட்டுல, திருப்பூர்ல, பாதி பனியன் கம்பெனில ஓடுச்சு."

"அதுவும் கணக்கில்ல. அவங்க சட்டம் அப்படி. அவங்க நாட்டுக்குள்ள வித்திருக்கணும். வெளிநாட்டுல வித்தது, ஓடினது எதுவும் சேராது. வெளிநாட்டுலேர்ந்து சேர்றது ஒண்ணே ஒண்ணு. அச்சுல வந்திருக்கணும். எந்த பாஷையா இருந்தாலும் பரவால்ல. இந்தப் பூட்டு எப்படி வேலை செய்யறதுன்னு விளக்கி, யார் வேணா வாங்கிப் படிக்கிற மாதிரி எங்கயாவது வந்திருக்கா?"

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பூட்டுக்காரனே அச்சடித்து விற்பானா? எங்கள் ஆபீஸில் ப்ரோக்ராமுக்கு நடுவில் யாராவது ஒரு வரி விளக்கம் எழுதினால் அன்று அவனுக்குத் திட்டு நிச்சயம். எழுதினால் எவனாவது படிப்பான், படித்தால் உடைப்பான். சென்னிக்குக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. இந்தத் தொழிலில் உலகம் முழுக்க எல்லோரும் இப்படித்தான். ஒளித்து வைப்பதுதான் வேலை. ஒளித்ததை முதலில் எவன் வெளியே சொல்கிறானோ அது அவனுடையது என்கிறது சட்டம்.

"நம்ம ஊருல நீங்களாவது பேடண்ட் வாங்கியிருக்கலாம்னு சொல்லக்கூட முடியல. இங்க ப்ரோக்ராமுக்குத் தர்றதில்ல" என்று பத்மாசினி ஆறுதல் சொன்னாள். ஆறுதல் மாதிரி இல்லை.

21 செப்டம்பர், செவ்வாய்

பேட்டரி மாற்றியாயிற்று. வேறு ஒன்றுமில்லை.

24 செப்டம்பர், வெள்ளி

ஓஹாயோக்காரர் கெடு வைத்துவிட்டார். தீபாவளிக்குள் சான்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அரணைக் கழற்றிவிட்டு வேறு பார்த்துக்கொள்வார். அவர் போனால் மற்ற வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் போவார்கள். ஆபீஸில் பதினொரு பேர் இருக்கிறார்கள்.

அது கம்பெனியின் கவலை. என் கவலை வேறு, இங்கே எழுதிவிடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு அப்பா கட்டியது. கம்பெனிக்குப் பெயர் வைத்தது சென்னி. இது என்னுடையது என்று கை நீட்டிக் காட்ட எனக்கு இருப்பது இந்தப் பூட்டு ஒன்றுதான். இப்போது அதுவும் யாரோ ஒருவனுடையது என்றால், நான் இத்தனை நாள் என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. 'கணினிச்சுடர்'! கோயமுத்தூரிலேயே அச்சாகி வந்த தமிழ் மாதப் பத்திரிகை. 95 வாக்கில் அதில் யாரோ ஒருவன் அரண் பூட்டை உடைத்துவிட்டதாகவும், உடைத்த விதத்தைக் கட்டுரையாக எழுதப்போவதாகவும் ஒரு பேச்சு அடிபட்டது. அப்போது அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தேன். பிறகு அதை மறந்தே போனேன். பூட்டை உடைக்கிறவன் பூட்டை விளக்காமல் எப்படி எழுதுவான்? என்னை ஏய்த்த திருடன் எனக்குச் சாட்சி! கை கழுவாமல் ஓடிப்போய்ச் சென்னியிடம் சொன்னேன்.

"உடு வசந்தா. செத்துப்போன பொஸ்தகத்தைத் தேடீட்டு" என்றான். தண்ணீர் வேண்டும் என்று எழுந்துபோய் ரொம்ப நேரம் வரவில்லை. அவனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. முகமே சரியில்லை. அவன் மனைவி அமிர்தத்திடம் சொல்ல வேண்டும், அவள் சொன்னால்தான் டாக்டரிடம் போவான்.

29 செப்டம்பர், புதன். சென்னை

நேற்றே ரயிலேறி வந்துவிட்டேன். நாட்டில் வரும் பத்திரிகைகளை எல்லாம் வாங்கிச் சேர்க்கிற பெரிய நூலகம் இங்கே இருக்கிறது. வாங்கிய தேதியை முத்திரை குத்தி வைக்கிறார்கள். பத்மாசினி போனிலேயே துள்ளினாள். அந்த முத்திரை ஒன்று போதுமாம், அமெரிக்க நீதிமன்றமே எழுந்து நிற்குமாம்.

1995 ஜனவரி இதழ் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டிய அறிவிப்பு: 'அடுத்த இதழில்: அரண் பூட்டு எப்படி வேலை செய்கிறது? உள்ளே புகுந்து பார்த்தவர் படங்களுடன் விளக்குகிறார். எழுதுபவர்: சாவிக்காரன்.' படித்ததும் கண் கலங்கிவிட்டது. எதிரே போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் என்னவோ ஏதோ என்று பார்த்தாள்.

பிப்ரவரி இதழைத் திறந்தேன். கட்டுரை இல்லை. அந்த இடத்தில் 'வட்டிக் கணக்கு போடுவது எப்படி' என்று நாலு பக்கம். பொருளடக்கத்திலும் இல்லை. மார்ச் பார்த்தேன். ஏப்ரல், மே, வருடம் முழுக்கப் பார்த்தேன். எங்குமே இல்லை. தள்ளிவைத்திருக்கிறோம் என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு சந்தோஷம் மட்டும். பிப்ரவரி இதழின் பின்னட்டையில் எங்கள் விளம்பரம், முழுப்பக்கம், வண்ணத்தில்! மார்ச்சிலும் இருக்கிறது, டிசம்பர் வரைக்கும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இவ்வளவு வசதியாகவா இருந்தோம்? அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் வளையல் விற்ற வருடம் அது. சென்னி எப்படியோ சமாளித்திருக்கிறான். அவன் சமர்த்து அவனுக்கு.

எல்லாவற்றையும் நகலெடுத்துப் பத்மாசினி ஆபீஸில் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போனதும் சாவிக்காரனைப் பிடிக்க வேண்டும். வேறு ஏதாவது பத்திரிகைக்குக் கொடுத்திருப்பான்.

4 அக்டோபர், திங்கள்

பத்திரிகை ஆசிரியர் இறந்துவிட்டார். அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் இப்போது செம்மொழி மாநாட்டுக்குப் போட்ட புது ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஒரு சேலை எடுத்த பிறகே வாய் திறந்தார். சாவிக்காரனின் பெயர் லூர்துராஜ். அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்தானாம். இப்போது சொந்த ஊரான திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். பூட்டை உடைத்தவன் எந்த ஊர் என்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

திண்டுக்கல்லுக்குத் துணைக்கு வரச் சொல்லிச் சென்னியைக் கூப்பிட்டேன். வரவில்லையாம். சனிக்கிழமை அவர்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டுமாம். போன மாதம்தான் போய் வந்தான். பக்தி முற்றிவிட்டது.

9 அக்டோபர், சனி. திண்டுக்கல்லிலிருந்து திரும்பும் பஸ்ஸில்

ஓடுகிற பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வருகிறது.

லூர்துராஜுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. விடுமுறை நாளிலும் கல்லூரி வாசலில் காத்திருந்தார். "வாங்க மேடம். பதினஞ்சு வருசமா உங்களப் பாக்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். திட்டத்தான் வந்திருக்கீங்கன்னா மொதல்ல டீ சாப்ட்டுட்டுத் திட்டுங்க."

திட்ட வரவில்லை என்றேன். என் பூட்டை எவ்வளவு புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். வகுப்பறைக்குக் கூட்டிப்போய்ச் சாக்பீஸை எடுத்தார்.

அரை மணி நேரம். கரும்பலகை முழுக்க என் பூட்டு. எந்தத் துண்டின் கூட்டுத்தொகை எந்தத் துண்டைத் திறக்கிறது, நடுவில் நான் வைத்த பொய்ச் சுவர் எது, கடைசித் துண்டு திரும்பி வந்து முதல் துண்டைச் சரிபார்க்கும் வித்தை, எல்லாம். ஓரிடத்தில் ஒரு சின்னத் தவறு செய்தார். நான் எழுந்துபோய்த் திருத்தினேன். "அட, இதான் அப்ப எனக்குப் புரியாமயே போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நான் எழுதியதை இன்னொரு மனிதர் முழுதாகப் படித்திருக்கிறார் என்பதை வாழ்க்கையில் முதல்முறையாக இன்றுதான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை.

"ஒரு மழக்காலம் முழுக்க இதோடதான் கெடந்தேன் மேடம். ஒண்ண மாத்துனா ஒம்போது குப்பையாயிரும். எழுதுனவன் மனுசனா பேயான்னு நெனப்பேன். பொம்பளையா இருக்கும்னு தோணவே இல்ல, மன்னிச்சுக்கங்க."

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கட்டுரை ஏன் வரவில்லை?

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களே கேக்குறீங்களா?"

"தெரியாமத்தான் கேக்கறேன்."

"ஆசிரியர் என்கிட்டச் சொன்னது இதான். அரண் கம்பெனிக்காரரு நேர்ல வந்தாராம். இது வெளிய வந்தா நாங்க தெருவுல நிக்கணும்னு கும்புட்டுக் கேட்டாராம். வருசம் பூரா பின்னட்டை விளம்பரம் தர்றதாச் சொன்னாராம். அதுக்குள்ள அச்சே ஏறிருச்சு மேடம். பைண்டிங் பண்றதுக்கு முன்னாடி அந்த நாலு பக்கத்த மட்டும் உருவிக் கிழிச்சுப் போட்டுட்டு, வட்டிக் கணக்க அடிச்சுச் சேத்தாங்க. என்கிட்ட ஒரு தாள்கூட இல்ல. எழுதுன காகிதத்தையும் அவருகிட்டயே குடுத்திருந்தேன்."

கும்பிட்டவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். திங்கட்கிழமை காலையில் வகுப்பு இருக்கிறதாம்.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் நிற்கிறது. முறுக்கு வாங்கினேன்.

10 அக்டோபர், ஞாயிறு

ரசம் வைத்தேன். துணி துவைத்தேன். சென்னி இரண்டு தரம் போன் செய்தான், எடுக்கவில்லை.

11 அக்டோபர், திங்கள்

காலையில் அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பின்னட்டை நகலை மேஜையில் வைத்தேன்.

"ஆமா" என்றான். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"நோட்டீஸு வந்த அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"அச்சுல வந்திருக்கோணும்னு அந்த வக்கீல் பொண்ணு சொன்னப்பதான் தெரிஞ்சுது. நீ மெட்ராஸ் போறேன்னப்ப, ஏதாச்சும் ஒரு மூலைல தப்பி வந்திருக்கோணும் சாமீன்னு வேண்டிக்கிட்டேன். கோயிலுக்குப் போனது அதுக்குத்தான் வசந்தா. பொய்யில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருக்கலாமல்லோ?"

"எப்படிச் சொல்றது? உங்கப்பா அங்க படுத்துக் கெடக்கறாரு. நீ வெராந்தாவுல தரையில துண்டு விரிச்சுத் தூங்கறே. உன்ற பூட்டை ஒருத்தன் ஒடைச்சுப்போட்டான், ஊருக்கெல்லாம் சொல்லப்போறான்னு அங்க வந்து சொல்லச் சொல்றியா? அதக் காப்பாத்திக் குடுத்தேன்னுதான் நெனச்சேன். இத்தன வருசமும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

அழுதான். இவன் அழுது நான் பார்த்ததில்லை. அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரிவரியாகத் தயார் செய்து வைத்திருந்தேன். டீ சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

16 அக்டோபர், சனி. ஆயுத பூஜை

கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய். பொரி, கடலை, சுண்டல். சென்னிதான் எப்போதும் கற்பூரம் காட்டுவான், இன்றும் காட்டினான். பதினொரு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். இவர்களில் எவருக்கும் இன்னும் எதுவும் தெரியாது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நாங்கள் வைத்தது வண்ணத்தில், பின்னட்டையில், வருடம் முழுக்க. ஐந்து நாளாக அவனைத் திட்டித் தீர்க்கலாம் என்று மனதைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று நான் ஆஸ்பத்திரியில் இல்லாமல் ஆபீஸில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அவனுக்கு முன்னால் நான் ஓடிப்போய் ஆசிரியரின் காலில் விழுந்திருப்பேன். பின்னட்டையோடு நடுப்பக்கத்தையும் சேர்த்து வாங்கியிருப்பேன். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் கோபம் வர மாட்டேன் என்கிறது. வந்தாலாவது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

20 அக்டோபர், புதன்

லூர்துராஜ் சாட்சி சொல்லத் தயார், அமெரிக்கா வரை வருகிறேன் என்கிறார். பத்மாசினி கேட்டுப் பார்த்தாள். வாய்ச் சாட்சியால் பலன் இல்லை. அச்சாகிக் கிழிக்கப்பட்டது அச்சில் வந்ததாகாது. யாராவது ஒரே ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் படித்திருந்தால்கூட வேறு கதை. ஜனவரி அறிவிப்பில் பூட்டைப் பற்றிய விளக்கம் இல்லை, வரப்போகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. அது போதாது. "ரொம்பக் கிட்ட வந்துட்டோம் மேடம்" என்றாள். என்னைவிட அவளுக்குத்தான் ஏமாற்றம் போலிருந்தது. சின்னப் பெண்.

சாயங்காலம் சென்னி வந்து உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்காமல் பேசினான். "சிவகாசியில தெரிஞ்ச பிரஸ் இருக்குது. பழைய காயிதம் கெடைக்கும். அந்தப் பையன் மறுபடி எழுதிக் குடுத்தா, அந்த மாச இதழ் ஒண்ணே ஒண்ணு..."

"முத்திரை குத்துன இதழு மெட்ராஸ்ல இருக்குதடா. அதுல வட்டிக் கணக்குதான் இருக்குது. அதோட நகல் வக்கீல்கிட்ட இருக்குது. நானேதான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

தலையைக் குனிந்துகொண்டான். அந்த நகல் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருப்பேன்.

5 நவம்பர், வெள்ளி. தீபாவளி

மழை. ஓஹாயோக்காரர் நேற்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார்.

அமிர்தம் அதிரசம் கொடுத்தனுப்பினாள். சாப்பிடக் கூடாது என்று வைத்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

12 நவம்பர், வெள்ளி

நோட்டீஸ் விட்ட அந்தக் கம்பெனியிடமிருந்து சமாதானப் பத்திரம் வந்தது. வழக்குப் போட மாட்டார்கள். பழைய பாக்கி எதுவும் கேட்க மாட்டார்கள். பதிலுக்கு நாங்கள் அரணிலிருந்து பூட்டை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். இந்தப் பூட்டு முறை இன்னாருடைய கண்டுபிடிப்பு, அவருக்கு முன் எங்களுக்கு இதில் எந்த உரிமையும் இருந்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மிச்சமிருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போகும்.

"நீ போடாட்டி நானும் போட மாட்டேன். கம்பெனி போனாப் போகுது" என்றான் சென்னி. நல்ல மனசோடுதான் சொன்னான். வெளியே பதினொரு பேர் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அடுத்த மாதம் பிரசவத்துக்குப் போகிறாள்.

போட்டேன். வ. வசந்தாமணி, இயக்குநர். 'முன் எங்களுக்கு எந்த உரிமையும் இருந்ததில்லை' என்ற வரிக்குக் கீழே, தேதியோடு. பத்மாசினி சொல்லிக்கொடுத்த பழக்கம். பதினேழு வருடத்தில் என் பூட்டைப் பற்றி என் பெயரோடு எழுத்தில் வந்திருப்பது இது ஒன்றுதான்.

16 நவம்பர், செவ்வாய்

பூட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பசங்களிடம் கொடுக்க மனமில்லை. எங்கும் விளக்கம் எழுதி வைக்கவில்லை அல்லவா, அதனால் எனக்கே சில இடங்கள் புரியவில்லை. ஓரிடத்தில் நின்று, இதை ஏன் இப்படி எழுதினேன் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. நல்ல யோசனைதான். எடுத்துவிட்டேன்.

சிறுவாணித் தண்ணீர் இன்று வரவில்லை.

18 நவம்பர், வியாழன்

மாலை ஆறரைக்கு வீடியோ அழைப்பு. பூட்டு முழுவதுமாகப் போய்விட்டதா என்று அவர்கள் தரப்பில் சரிபார்க்க வேண்டும் என்பது பத்திரத்தில் ஒரு ஷரத்து. சரிபார்க்க வந்தது அந்தக் கண்டுபிடிப்பாளரே. மெரிக் என்று பெயர். வெள்ளைத் தாடி, கம்பளிச் சட்டை, பின்னால் ஜன்னலில் காலை வெயில். நான் நினைத்து வைத்திருந்த ஆள் மாதிரி இல்லை. நல்ல மனிதர். இப்படி ஒரு சங்கடத்தில் சந்திக்க நேர்ந்ததற்கு வருந்துவதாக முதலிலேயே சொன்னார். யாரிடமிருந்தும் திருடியவர் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அவரும் எங்கேயோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து தானாகவே யோசித்திருக்க வேண்டும். யாரும் எதையும் எழுதி வைக்காத தொழிலில் அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எதை எடுக்க வேண்டும் என்று நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதி செய்ய, அதை முதலிலிருந்து விளக்கிவிடுகிறேன் என்றார். சென்னி என் பக்கம் திரும்பினான். சொல்லட்டும் என்று கையால் காட்டினேன்.

ஒரு தாளில் பெட்டி பெட்டியாகப் போட்டு, அம்புக்குறி இழுத்து, நிதானமாக விளக்கினார். நல்ல ஆசிரியர். இந்தியர்களுக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசினார். இரண்டு இடத்தில் நிறுத்தி, இதுவரை தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கடைசித் துண்டு திரும்பி வந்து முதல் துண்டைச் சரிபார்க்கும் இடத்துக்கு வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. இந்த இடம் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். அதைக் கேட்டு என்னை அறியாமல் தலையாட்டினேன். எனக்கும் அந்த இடம்தான் பிடிக்கும். சென்னி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் முடித்ததும், இன்னின்ன இடங்களில் இருந்தது, எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்காத ஓரிடத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஆச்சரியப்பட்டார். தன் கம்பெனியில் நன்றாகப் படித்த ஆட்களுக்கே இது விளங்க ஒரு வாரம் ஆயிற்று, நீங்கள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டீர்கள் என்று மனதாரப் பாராட்டினார்.

தேங்க் யூ என்றேன்.